கருவுற்ற காலப் பதற்றம்

கருவுற்ற காலப் பதற்றம் என்பது கருவுற்ற பெண்ணொருவருக்கு அளவு கடந்து, தொடர்ச்சியாகத் தோன்றி, அவரது உறக்கம், உணவு, அன்றாட வேலை ஆகியவற்றைக் குலைக்கும் அச்ச நிலையைக் குறிக்கும். இவ்வச்சம் திடீரெனப் பெருகிச் சில நிமிடங்களில் உச்சத்தை அடைந்து, நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத் திணறல், நடுக்கம், இப்போதே இறந்துவிடுவோம் என்னும் எண்ணம் முதலியவற்றுடன் வெளிப்படுமாயின் அது பீதித் தாக்கு எனப்படும். இலங்கைத் தமிழ் மருத்துவ வழக்கில் பதற்றத்தைக் குறிக்கப் பதகளிப்பு என்னும் சொல் பயன்படுகிறது. தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் பெண்கள் இந்நிலையைப் "படபடப்பு" என்றோ, "நெஞ்சை அடைக்கிறது" என்றோ, "ஒரு மாதிரி வருகிறது" என்றோ சொல்வர். மனநிலையைக் குறிக்கும் சொல்லால் அன்றி உடலைக் குறிக்கும் சொற்களாலேயே இது பெரும்பாலும் வெளிப்படுகிறது என்பது கவனிக்கத்தக்கது.

இந்நிலை உரிய உதவியால் தணியக்கூடியது. இக்கட்டுரை இதன் உடலியல் அடிப்படையையும் சமாளிக்கும் முறைகளையும் விளக்குவதோடு, செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள திருப்போரூர் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு தமிழ்நாட்டில் கிடைக்கும் உதவிகளையும் கூறுகிறது.

இயல்பான கவலையும் நோய்நிலையும்

கருவுற்ற காலத்தில் கவலை கொள்ளாத பெண் அரிது. குழந்தை நலமாக உள்ளதா, வலியைத் தாங்க முடியுமா, அறுவை நேருமா, செலவுக்கு என்ன செய்வது என்னும் கேள்விகள் எழுவது இயல்பே. ஸ்கேன் முடிவு நல்லபடியாக வந்ததும், மருத்துவர் ஒருமுறை விளக்கியதும் இயல்பான கவலை பெரும்பாலும் தணிந்துவிடும். நோய்நிலையில் அவ்வாறு தணிவதில்லை. நல்ல முடிவு வந்த அன்று மாலையே அடுத்த ஐயம் எழுகிறது. குழந்தையின் அசைவை இரவு முழுவதும் எண்ணிக்கொண்டிருப்பதும், தனியே இருக்க அஞ்சுவதும், பேருந்தில் ஏற மறுப்பதும், அல்லது அச்சத்தினாலேயே பரிசோதனைக்குச் செல்லாமல் தவிர்ப்பதும் இதன் அடையாளங்களாகும்.

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட ஐந்தாம் பதிப்பு நோயறி கையேட்டின்படி, பீதித் தாக்கிற்கு 13 அறிகுறிகள் பட்டியலிடப்பட்டுள்ளன. அவற்றுள் 4 அல்லது அதற்கு மேற்பட்டவை ஒருசேரத் தோன்றினால் அது பீதித் தாக்கு ஆகும். ஒருமுறை வந்துபோன தாக்கு நோயாகக் கருதப்படுவதில்லை. மீண்டும் வந்துவிடுமோ என்னும் அச்சம் ஒரு மாதத்திற்கு மேல் நீடித்து, அதற்கேற்ப வாழ்க்கையை மாற்றியமைத்துக்கொள்ளத் தொடங்கும்போதே அது பீதி நோய் எனப்படுகிறது.

மகப்பேற்றின் மீதே கொள்ளும் மிகையான அச்சம் தனி வகையாகக் கருதப்படுகிறது. 2000ஆம் ஆண்டு ஹோஃப்பர்க், பிராக்கிங்டன் ஆகிய இருவரும் இதற்கு டோக்கோஃபோபியா எனப் பெயரிட்டு விவரித்தனர். ஒருபோதும் குழந்தை பெறாதவரிடமும் இது காணப்படலாம். முந்தைய பேற்றில் பட்ட துன்பத்தினாலும் உண்டாகலாம்.

பரவல்

2017ஆம் ஆண்டு வெளியான டென்னிஸ் குழுவினரின் தொகுப்பாய்வு, 34 நாடுகளைச் சேர்ந்த 102 ஆய்வுகளை ஒன்றுசேர்த்தது. அதன்படி, பதற்ற அறிகுறிகள் இருப்பதாகத் தாமே தெரிவித்த பெண்கள் முதல் மூன்று மாதங்களில் 18.2%, அடுத்த மூன்று மாதங்களில் 19.1%, இறுதி மூன்று மாதங்களில் 24.6% ஆவர். மருத்துவ வரையறைப்படி ஏதேனும் ஒரு பதற்ற நோய் உடையோர் 15.2% ஆவர். அதாவது, மகப்பேறு மருத்துவமனையின் காத்திருப்பு இருக்கையில் அமர்ந்திருக்கும் ஏழு பெண்களுள் ஏறக்குறைய ஒருவர்.

இந்திய ஆய்வுகள் தரும் எண்கள், பயன்படுத்தப்படும் அளவுகோலுக்கேற்பப் பெரிதும் வேறுபடுகின்றன. பெங்களூரில் நடத்தப்பட்டு 2019ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், 24 வாரத்திற்குட்பட்ட கருவுற்ற பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் கருவுறுதல் சார்ந்த பதற்றம் கொண்டிருந்தனர். அந்த அளவுகோல் இயல்பான கவலையையும் ஓரளவு சேர்த்துப் பிடித்திருக்கக்கூடும் என்பதால் இவ்வெண்ணை நோயின் அளவாகக் கொள்ளலாகாது.

உடலில் நிகழ்வது

கருவுற்ற காலத்தில் பீதித் தாக்கு தனிச் சிக்கல் உடையதாவதற்குக் காரணம், கருவுற்ற உடலின் இயல்பான மாற்றங்கள் பலவும் பீதியின் அறிகுறிகளை ஒத்திருப்பதே ஆகும்.

கருவுற்ற பெண்ணின் குருதியின் கொள்ளளவு ஏறத்தாழ 40 முதல் 50% வரை கூடுகிறது. இதயத் துடிப்பு நிமிடத்திற்கு 10 முதல் 20 வரை மிகுகிறது. புரோஜெஸ்ட்டிரோன் என்னும் இயக்குநீர் மூளையிலுள்ள மூச்சு மையத்தைத் தூண்டுவதால், ஒரு நிமிடத்தில் உள்ளிழுக்கும் காற்றின் அளவு 40 முதல் 50% வரை உயர்கிறது. இதன் விளைவாகக் குருதியில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் வழக்கமான 40 மில்லிமீட்டரிலிருந்து ஏறக்குறைய 30 மில்லிமீட்டருக்குக் குறைந்துவிடுகிறது. எனவே, நலமாக உள்ள பெண்ணுக்கும் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது. சும்மா அமர்ந்திருக்கும்போதே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இறுதி மாதங்களில் மல்லாந்து படுத்தால் கருப்பை பெருஞ்சிரையை அழுத்துவதால் குருதி அழுத்தம் குறைந்து தலைசுற்றலும் படபடப்பும் உண்டாகின்றன. இவையெல்லாம் உடல் தன் வேலையைச் சரியாகச் செய்வதன் அடையாளங்கள்.

இங்கிலாந்து உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986ஆம் ஆண்டு முன்வைத்த கோட்பாட்டின்படி, பீதித் தாக்கு என்பது உடலுணர்வு ஒன்றைப் பேராபத்தின் அறிகுறியாகத் தவறாகப் பொருள்கொள்வதில் தொடங்குகிறது. படபடப்பை உணர்ந்தவர் "இதயம் நிற்கப்போகிறது" என எண்ணுகிறார். அவ்வெண்ணம் அட்ரினலினைச் சுரக்கச் செய்கிறது. அட்ரினலின் படபடப்பை மேலும் கூட்டுகிறது. கூடிய படபடப்பு அவ்வெண்ணத்தை உறுதி செய்கிறது. கோயில் திருவிழாவில் ஒலிவாங்கியை ஒலிபெருக்கியின் முன் கொண்டுபோனால் சிறு ஓசையும் சுற்றிச் சுற்றிப் பெருகிக் காதைத் துளைக்கும் கீச்சொலியாவதை இதற்கு ஒப்பிடலாம். ஒலிபெருக்கியிலும் பழுதில்லை, ஒலிவாங்கியிலும் பழுதில்லை. இரண்டுக்கும் இடையே உண்டான சுழலே கோளாறு.

அச்சத்தில் மூச்சு மேலும் விரைவாகும்போது, ஏற்கெனவே குறைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு இன்னும் குறைகிறது. இதனால் மூளைக்குச் செல்லும் குருதிக் குழாய்கள் சுருங்கித் தலை கிறுகிறுக்கிறது. விரல்களும் உதடுகளும் மரத்துப்போகின்றன. சிலருக்கு விரல்கள் இழுத்துக்கொள்கின்றன. மூச்சு முட்டுவதாகத் தோன்றினும் குருதியில் உயிர்வளி குறைவதில்லை. "குழந்தைக்குக் காற்றுப் போகவில்லை" என்னும் அச்சமே கருவுற்ற பெண்களின் பீதியை மிகவும் வளர்ப்பது என்பதால், இச்செய்தியை அவர்கள் அறிந்திருத்தல் பயனுடையது.

கருவுறுதல் பீதி நோயைத் தணிக்கும் எனக் கூறும் நோயாளர் விவரங்கள் சில 1980களில் வெளியாயின. பிற்கால ஆய்வுகள் இதனைப் பொதுவிதியாக ஏற்கவில்லை. சிலருக்குத் தணிகிறது, சிலருக்கு மாற்றமில்லை, சிலருக்கு முதன்முறையாக அப்போதுதான் தோன்றுகிறது.

பிற நோய்களிலிருந்து பிரித்தறிதல்

கருவுற்ற பெண் படபடப்பு, மூச்சுத் திணறல் எனக் கூறும்போது இருவகைப் பிழைகள் நேர்கின்றன. ஒன்று, பீதித் தாக்கை இதய நோய் எனக் கருதி மருத்துவமனை மருத்துவமனையாக அலைவது. மற்றொன்று இதைவிடக் கொடியது: உண்மையான உடல்நோயை "எல்லாம் பயம்தான்" எனத் தள்ளிவிடுவது. எனவே முதன்முறை இத்தகைய தாக்கு வரும் கருவுற்ற பெண் எவரும் மருத்துவரால் பரிசோதிக்கப்பட வேண்டும். முன்பே பீதி நோய் உடையவர் என்பது பரிசோதனையைத் தவிர்ப்பதற்கான காரணம் ஆகாது.

தமிழ்நாட்டில் முதலில் நினைவிற்கொள்ள வேண்டியது இரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்களுள் 48.3% பேர் இரத்தசோகை உடையவர்கள். இரத்தசோகை படபடப்பையும் களைப்பையும் மூச்சு வாங்குதலையும் தரும். இரும்புச்சத்து மாத்திரையை உண்ட கையோடு காபியோ தேநீரோ அருந்தினால் சத்து உடலில் சேர்வது குறைகிறது. அதே காபி பதற்றத்தையும் கூட்டுகிறது. தைராய்டு மிகைச்சுரப்பு, குருதியில் சர்க்கரை குறைதல் ஆகியவையும் பதற்றம் போலவே தோன்றும்.

இளவயதில் வந்த வாதக் காய்ச்சலால் இதய அடைப்பிதழ் பழுதுற்ற பெண்கள் இந்தியாவில் இன்றும் உள்ளனர். அதுவரை தொல்லை தராத அப்பழுது, குருதியின் அளவு மிகும் கருவுற்ற காலத்தில் முதன்முறையாக வெளிப்படலாம். படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருத்தல், இருமலில் இரத்தம், மயங்கி விழுதல் ஆகியவை பீதியின் அடையாளங்கள் அல்ல. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்து, உடன் மூச்சுத் திணறலும் நெஞ்சுவலியும் தோன்றினால் நுரையீரல் குருதியடைப்பாக இருக்கக்கூடும். 20 வாரங்களுக்குப் பின் கடுந்தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முக வீக்கம் ஆகியவை முன்சூல்வலிப்பைக் குறிக்கலாம். இவற்றுள் எது தோன்றினும், குருதிப்போக்கு ஏற்பட்டாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டு காத்திராமல் 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும்.

காரணிகள்

முன்பே பதற்ற நோய் இருந்தமை, கருச்சிதைவு அல்லது குழந்தை இழப்பு, நெடுநாள் குழந்தையின்றி இருந்து சிகிச்சை பெற்றுக் கருவுறுதல், கணவரின் வன்முறை, கடன், தூக்கமின்மை ஆகியவை பதற்றத்திற்கு வழிவகுக்கும் காரணிகளுள் சில.

தமிழ்நாட்டுச் சூழலைப் பற்றிய ஆய்வுகளுள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் கணியம்பாடி வட்டாரத்தில் நடத்தி 2002ஆம் ஆண்டு வெளியிட்டது குறிப்பிடத்தக்கது. அது பதற்றத்தை அன்றிப் பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வையே ஆராய்ந்தது எனினும், அது கண்டறிந்த காரணிகள் இங்கும் பொருந்துகின்றன. 359 பெண்கள் இறுதி மாதங்களிலும் பேற்றுக்குப் பின்னரும் நேர்காணப்பட்டனர். அவர்களுள் 11% பேருக்குப் புதிதாக மனச்சோர்வு தோன்றியது. குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறத்தல், மாமியாருடனும் பெற்றோருடனும் மனத்தாங்கல், கருவுற்ற காலத்தில் நேர்ந்த துயர நிகழ்வுகள், கைவேலைக்கு ஆளில்லாமை ஆகியவை அதனுடன் தொடர்புற்றிருந்தன. இக்காரணிகளுள் ஒன்றுகூடப் பெண்ணின் மனவுறுதி பற்றியது அன்று. "மனசைத் திடமாக வைத்துக்கொள்" என்னும் அறிவுரை ஏன் பெரும்பாலும் பயனளிப்பதில்லை என்பதை இது விளக்கும்.

கருவுற்ற பெண்ணிடம் பிறர் கூறும் மகப்பேற்றுக் கதைகளும் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. வளைகாப்பு வீட்டில் கூடும் உறவினர்கள் தத்தம் பேற்றில் பட்ட பாட்டைச் சொல்லிப் போவர். சொல்பவருக்கு அது பழங்கதை, கேட்பவருக்கு வரப்போவது.

தாய்க்கும் சேய்க்கும் ஏற்படும் விளைவுகள்

தொடர்ந்து நீடிக்கும் கடும் பதற்றத்திற்கும் குறைமாதப் பேறு, பிறப்பெடை குறைதல் ஆகியவற்றுக்கும் தொடர்பு உள்ளதாக ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன. இத்தொடர்பைச் சரியான அளவில் புரிந்துகொள்ளுதல் வேண்டும். பதற்றமுடைய பெண்களுள் பெரும்பாலோர் நலமான குழந்தையையே பெறுகின்றனர். ஓரிரு பீதித் தாக்குகளால் குழந்தைக்குக் கேடு விளைவதாகச் சான்று இல்லை. "நீ பயப்பட்டால் குழந்தையைப் பாதிக்கும்" என அச்சுறுத்துவது, அஞ்சுபவருக்கு அஞ்ச இன்னொரு பொருளைக் கொடுப்பதாகும்.

தாயைப் பொறுத்தவரை விளைவு மேலும் தெளிவானது. இங்கிலாந்தின் ஏவன் பகுதியில் 8,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்து 2004ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வில், கருவுற்ற காலத்தில் பதற்றம் மிக்கவர்களுக்குப் பேற்றுக்குப் பின் மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. கருவுற்ற காலத்து மனச்சோர்வைக் கணக்கில் எடுத்துக் கழித்த பின்னரும் இத்தொடர்பு நீங்கவில்லை. பதற்றத்தைக் கருவுற்ற காலத்திலேயே கண்டறிவதன் தேவை இதனால் விளங்கும்.

தாக்கின்போது செய்யத்தக்கவை

உடல்நோய் இல்லை என மருத்துவர் உறுதி செய்த பின், தாக்கு வரும்போது அதனை அடக்க முயலாமல் கடந்துபோக விடுவதே அடிப்படை. பீதித் தாக்கு பொதுவாகப் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தை அடைந்து பின் தானே இறங்கும். உடலால் அந்த உச்சத்தில் நெடுநேரம் நிற்க இயலாது.

செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுச் சுவரில் சாய்ந்து அமரலாம், அல்லது இடப்புறமாக ஒருக்களித்துப் படுக்கலாம். ஐந்தாம் மாதத்திற்குப் பின் மல்லாந்து படுத்தலைத் தவிர்க்க வேண்டும். அது முன்னர்க் கூறியவாறு தலைசுற்றலைத் தானே உண்டாக்கும். மூச்சை ஆழமாக இழுக்கச் சொல்வது பலரும் செய்யும் தவறு. ஏற்கெனவே மிகையாக மூச்சு விடுபவர் இன்னும் ஆழமாக இழுத்தால் கிறுகிறுப்பு கூடும். வேண்டுவது மெதுவான மூச்சு. மூக்கின் வழியே இயல்பான அளவில் இழுத்து, அதைவிடச் சற்று நெடிய நேரம், சூடான பாலை ஆற்றுவதுபோல் வாய் குவித்து வெளிவிடலாம். மூச்சை அடக்கி நிறுத்தும் பயிற்சிகள் கருவுற்ற காலத்திற்கு ஏற்றவை அல்ல. காகிதப் பையை முகத்தில் வைத்து மூச்சுவிடும் பழைய முறையையும் மருத்துவர்கள் இப்போது பரிந்துரைப்பதில்லை. உண்மையில் நுரையீரல் அல்லது இதயக் கோளாறாக இருந்தால் அது ஆபத்தாய் முடியும்.

கவனத்தை உடலுக்கு வெளியே செலுத்துவதும் உதவும். குளிர்ந்த நீரில் கையை நனைத்தல், உள்ளங்காலைத் தரையில் அழுத்தி அதன் தண்மையை உணர்தல், கண்ணில் படும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுதல் போன்றவை எளியவை. பழகிய பாடலையோ துதியையோ தாழ்ந்த குரலில் பாடுவதும் மூச்சு வெளிவிடுவதைத் தானாகவே நீட்டிக்கும்.

அருகில் இருப்பவர் செய்ய வேண்டியவை குறைவு. கூட்டம் சேராமல் பார்த்துக்கொண்டு, ஒருவர் மட்டும் அருகில் அமர்ந்து, "இது முன்பும் வந்தது, போயிற்று, நான் இங்கேயே இருக்கிறேன்" எனக் கூறுதல் போதும். "ஒன்றுமில்லை" என்னும் சொல் உதவுவதில்லை; துன்புறுபவருக்கு ஏதோ ஒன்று உண்மையிலேயே நிகழ்ந்துகொண்டிருக்கிறது.

தாக்கு தணிந்த பின், அது வந்த இடத்தை இனித் தவிர்க்க வேண்டும் எனத் தோன்றும். சந்தையில் வந்தால் சந்தையையும், பேருந்தில் வந்தால் பேருந்தையும் கைவிட்டு, இறுதியில் மருத்துவமனைக்கும் செல்ல முடியாத நிலை உண்டாகலாம். இத்தவிர்ப்பே நோயை நிலைபெறச் செய்வது. துணையுடனாவது அதே இடத்திற்குச் சிறிது சிறிதாகத் திரும்பிச் செல்லுதல் வேண்டும்.

சிகிச்சை

மிதமான பதற்றத்திற்கு உளவியல் சிகிச்சையே முதற்றெரிவாகும். அறிதிறன் நடத்தைச் சிகிச்சை என்பது உடலுணர்வுக்குக் கொடுக்கும் தவறான பொருளைக் கண்டறிந்து திருத்துவதையும், தவிர்த்த சூழல்களுக்குப் படிப்படியாகத் திரும்புவதையும் உள்ளடக்கியது. உளவியலாளர்கள் குறைவாக உள்ள தெற்காசிய நாடுகளில் இதனை யார் வழங்குவது என்பதே பெருங்கேள்வியாக இருந்தது. பாகித்தானின் இராவல்பிண்டி மருத்துவமனை ஒன்றில் பதற்ற அறிகுறிகள் கொண்ட 1,200 கருவுற்ற பெண்களிடம் நடத்தப்பட்டு 2024ஆம் ஆண்டு வெளியான ஆய்வு இதற்கு ஒரு விடை தந்தது. அதில் சிகிச்சையளித்தவர்கள் முன் மருத்துவ அனுபவம் இல்லாத, பயிற்சி பெற்ற உளவியல் பட்டதாரிகள். பேற்றுக்கு ஆறு வாரங்களுக்குப் பின், மிதமான அல்லது கடும் பதற்றம் சிகிச்சை பெற்றோருள் 9% பேரிடமும், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோருள் 27% பேரிடமும் காணப்பட்டது. மனச்சோர்வு முறையே 12%, 41% ஆகும். கூட்டுக் குடும்பம், மாமியார், ஆண் குழந்தை விருப்பம் எனச் சூழல் பல வகையிலும் நம்முடையதை ஒத்திருப்பதால் இம்முடிவு தமிழ்நாட்டுக்கும் நேரடிப் பொருளுடையது.

கடும் பதற்றத்திற்கு மருந்து தேவைப்படலாம். செர்ட்ரலின் போன்ற செரட்டோனின் மீள்கவர்வுத் தடுப்பிகள் கருவுற்ற காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் நெடுநாள் பயன்பாட்டில் உள்ளவை. அதே வகையைச் சேர்ந்த பாரொக்செட்டீனைத் தொடக்க மாதங்களில் மருத்துவர்கள் பொதுவாகத் தவிர்ப்பர். டையாசிப்பாம் முதலிய தூக்க மருந்துகள் தொடர்ந்து உட்கொள்ளப்பட்டால் பிறந்த குழந்தை சோர்ந்திருத்தல், மூச்சுத் தளர்தல் ஆகியவை நேரலாம் என்பதால் அவை குறுகிய காலத்திற்கே அளிக்கப்படுகின்றன. வால்ப்புரோயேட்டு கருவுக்குக் கேடு விளைவிப்பது ஐயத்திற்கு இடமற்றது.

கருவுற்றது தெரிந்த அன்றே ஏற்கெனவே உட்கொண்டுவரும் மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடுவது பலரிடமும் காணப்படும் வழக்கம். குழந்தையின் மீதுள்ள அக்கறையால் செய்யப்படும் இச்செயல், சில வாரங்களில் நோய் மீண்டும் பெருகுவதற்குக் காரணமாகலாம். நிறுத்துவதா, மாற்றுவதா, குறைப்பதா என்பதை மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும். மருந்தின் தீங்கை மருந்தின்மையின் தீங்குடன் ஒப்பிட்டே அம்முடிவு எடுக்கப்படுகிறது.

திருப்போரூர் வட்டாரம்

திருப்போரூர் சென்னைக்குத் தெற்கே பழைய மகாபலிபுரம் சாலையில், கந்தசாமி கோயிலைச் சுற்றி அமைந்த ஊராகும். இவ்வட்டாரத்தில் மூவகை வாழ்க்கை அருகருகே நிகழ்கிறது. உட்பகுதிகளில் வேளாண் சிற்றூர்கள். கோவளம் முதலிய கடற்கரை ஊர்களில் மீனவர் குடும்பங்கள். சிறுசேரி மென்பொருள் பூங்காவைச் சுற்றி எழுந்த அடுக்ககங்களில் வெளியூர்களிலிருந்து வந்த பணியாளர்கள். சிற்றூர்ப் பெண்ணைச் சுற்றி எப்போதும் ஆள் இருப்பர், ஆனால் அச்சத்தைச் சொல்லத் தனிமை கிடைப்பதில்லை. கணவர் கடலுக்குச் சென்ற இரவில் மீனவப் பெண்ணுக்குக் காற்றின் ஓசையே போதும். அடுக்ககத்துப் பெண்ணுக்குத் தனிமை உண்டு, கேட்க ஆளில்லை; தாய்வீடு தொலைவில் இருக்கும். மூவருக்கும் படபடப்பு ஒன்றே.

மனநலப் பணியில் இவ்வட்டாரத்திற்குப் பழைய தொடர்பு உண்டு. மருத்துவர் சாரதா மேனன் 1984ஆம் ஆண்டு சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பு, 1990களில் திருப்போரூர் வட்டாரத்தில் சமுதாய மனநலத் திட்டம் ஒன்றை நடத்தியது. மருத்துவர் அல்லாத உள்ளூர்ப் பணியாளர்களைப் பயிற்றுவித்து வீடுகளில் நோயாளிகளைக் கண்டறிதல் அதன் வழிமுறையாகும். பின்னர் பான்யன் அமைப்பு கோவளத்தில் மனநலப் பணிகளைத் தொடங்கியது. இத்திட்டங்களின் முதன்மை நோக்கம் மனச்சிதைவு முதலிய கடும் நோய்கள். கருவுற்ற பெண்ணின் பதற்றம் அன்று. எனினும் அடிப்படைப் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண் ஒருவர் வீட்டு வாயிலில் அமர்ந்து பேசுவதாலும் மனநலப் பணி நடைபெறும் என்பதை இவை இப்பகுதியில் முன்பே காட்டியிருந்தன.

கருவுற்ற பெண்ணைச் சந்திக்கும் வாய்ப்புகளுக்குத் தமிழ்நாட்டில் குறைவில்லை. 2019-21 ஆய்வின்படி மாநிலத்தின் பேறுகளுள் 99.6% மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. கிராம சுகாதார செவிலியர் கருவுற்றதைப் பதிவு செய்வதில் தொடங்கி, 1987ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு 2018 முதல் ரூ. 18,000 மதிப்புடையதாக உயர்ந்த டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் வரை, ஒவ்வொரு பெண்ணும் பலமுறை சுகாதாரப் பணியாளரைச் சந்திக்கிறார். எடை, குருதி அழுத்தம், இரும்புச்சத்து, சர்க்கரை ஆகியவை ஒவ்வொரு முறையும் குறிக்கப்படுகின்றன. அச்சத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்பது மட்டும் இன்னும் அதே அளவில் வழக்கமாகவில்லை. கருவிக்குப் பஞ்சமில்லை: 1987ஆம் ஆண்டு எடின்பரோவில் உருவான 10 கேள்விகள் கொண்ட அளவுகோலின் தமிழ் வடிவத்தின் ஏற்புடைமையை ஆராய்ந்து வேலூர் மருத்துவர்கள் 2005ஆம் ஆண்டிலேயே வெளியிட்டனர். அதன் 3, 4, 5ஆம் கேள்விகள் பதற்றத்தையே அளப்பவை. செவிலியர் கேளாவிடினும் பெண் தாமே கூறலாம். "நெஞ்சு படபடக்கிறது" என்பதோடு நிறுத்தாமல், "பயத்தில் தூக்கம் வருவதில்லை" என்றும் சொல்வது மருத்துவருக்கு வழிகாட்டும்.

திருப்போரூர் அரசு மருத்துவமனையோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையமோ முதலில் அணுகத்தக்க இடங்கள். உளமருத்துவரின் உதவி தேவைப்படின் 1965ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குச் செல்லலாம். தொலைபேசியில் 104 என்னும் மாநில மருத்துவ உதவி எண்ணும், 2022ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 14416 என்னும் கட்டணமில்லா மனநல எண்ணும் தமிழில் உதவுகின்றன. பின்னது தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு" என்னும் பெயரால் அறியப்படுகிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுமாயின் அப்பெண்ணைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். இரவில் அலறி எழும் பெண்ணைக் காற்று கருப்பு அடித்ததாகக் கருதிக் கோயிலிலோ தர்காவிலோ மந்திரிப்பது இப்பகுதியில் உண்டு. வழிபாடு ஆறுதல் தருமாயின் அதனை விலக்க வேண்டியதில்லை. ஆனால் பட்டினி போடுதல், அடித்தல், புகையில் அமர்த்துதல் ஆகியவை தாய்க்கும் கருவுக்கும் நேரடித் தீங்காகும்.

பேற்றுக்குப் பின் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற வேண்டிவந்தால் குழந்தையைப் பிரித்துவிடுவர் என்னும் அச்சமும் பலரை வாய்திறக்க விடுவதில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கலாகாது என விதிக்கிறது. பெங்களூர் நிம்ஹான்சு நிறுவனத்தில் 2009ஆம் ஆண்டு முதல் தாயும் சேயும் ஒன்றாகத் தங்கும் உளமருத்துவப் பிரிவு இயங்கி வருகிறது.

பேறுகாலத் துணை

மகப்பேற்று அச்சத்தில் பெரும்பங்கு, அறிமுகமற்ற அறையில் அறிமுகமற்றவர் நடுவே தனியே கிடப்பது பற்றியது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004ஆம் ஆண்டு முதல், பேற்றறையில் பெண்ணுடன் அவருக்கு விருப்பமான பெண் உறவினர் ஒருவர் உடனிருக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. நடுவண் அரசு இதனை 2016ஆம் ஆண்டு நாடு முழுவதும் அரசு மருத்துவ நிலையங்களுக்கு அனுமதித்தது. பேற்றின்போது தொடர்ந்து துணை இருப்பது பற்றி 15,000க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற ஆய்வுகளைத் தொகுத்து 2017ஆம் ஆண்டு வெளியான காக்ரேன் மீளாய்வு, துணை பெற்றவர்களுக்கு வலிநேரம் சற்றுக் குறைந்ததையும், அறுவைப் பேறுகள் குறைந்ததையும், பேற்றைப் பற்றிய கசப்பான நினைவு குறைந்ததையும் தெரிவித்தது.

பதற்றமுடைய பெண் எட்டாம் மாதத்திலேயே துணைவர் யார் என முடிவு செய்து மருத்துவமனையில் தெரிவித்துவிடுவது நல்லது. துணைவராக வருபவர் நெருங்கிய உறவாக இருப்பதைவிட, அமைதியான இயல்புடையவராக இருப்பது முக்கியம். முன்னதாகவே ஒருமுறை பேற்றறையையும் அங்குள்ள செவிலியரையும் பார்த்துவர இயலுமா எனக் கேட்கலாம். முன்பு பீதித் தாக்கு வந்துள்ளது என்பதைத் தாய் சேய் நல அட்டையில் குறித்துவைக்கச் சொன்னால், நள்ளிரவில் வேறு மருத்துவர் பணியில் இருந்தாலும் அவருக்கும் அது தெரியவரும்.